ஒண்ணும் தெரியாது, சார்

பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் தாய்க்குக் கவலை வரும். பேராசிரியர் தீபனுக்குப் பதவி உயர்வு வரும்.

வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வயிற்றெரிச்சலும் உண்டுதான், ஆனால் இது அதில் சேராது. அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் புஞ்சாக் ஆலாம் டவுனில் அவரது மையத்து வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் தமிழில் பேசுவதில்லை என்று எழுதினார், விரிவுரையாளர் ஆனார். மலாயிலும் பேசுவதில்லை என்று எழுதினார், இணைப் பேராசிரியர் ஆனார். இரண்டிலுமே பேசுவதில்லை என்று கண்டுபிடித்து அதற்கு 'இருமொழி மௌனம்' என்று பெயரும் வைத்தார். உடனே பேராசிரியர் ஆகிவிட்டார். கூடவே டோபிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு மையமும் கிடைத்தது. 'இருமொழி மற்றும் பண்பாட்டுத் தழுவல் உளவியல் மேம்பாட்டு மையம்.' பலகை கடையைவிட நீளம். கடைசிச் சொல் பக்கத்துக் கடைக்காரர் சுவரில் இருக்கிறது.

அட்டையில் 'பேராசிரியர் முனைவர் டாக்டர் தீபன்' என்று போட்டிருக்கும். முனைவரும் டாக்டரும் ஒன்றுதானே என்று யாரோ கேட்டதற்கு, தான் இருமொழியாளர் ஆகையால் இரண்டு மொழியிலும் போட்டுக்கொள்வதாகச் சொன்னாராம். அவரும் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். அந்த வரி மட்டும் சட்டத்துக்குள் இல்லை.

இப்படிப்பட்டவர் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு வந்தபோதுதான் புஷ்பாவுக்குச் சனி பிடித்தது.

புஷ்பா டவுனில் அப்துல் மஜீது பாயின் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவள். புருஷன் செல்லன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். ஒரே மகள் ஷாமளா, அப்போது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பள்ளி விட்டதும் பாய் கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதிக்கொண்டே அம்மாவோடு தமிழில் சண்டை போடுவாள், நாசி என்று சோறு கேட்டு வருகிறவர்களுக்கு மலாயில் பதில் சொல்வாள், தே தாரேக் குடிக்க வரும் வங்காளதேசத்து ஆட்களிடம் அவர்கள் பாஷையில் ஊர் நிலவரம் விசாரிப்பாள். "இந்தப் பிள்ள வாயில மோட்டர வச்சுல பெத்திருக்க" என்பார் பாய். உடனே புஷ்பா, "ஐயோ பாய், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. ஒரு தடவை ஷாமளா பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதைப் பக்கத்து வீட்டு அன்னம்மாவிடம் வாய் நிறையச் சொல்லிவிட்டாள். மறுவாரமே பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தது. அதோடு சரி. யார் கேட்டாலும் புஷ்பாவின் மகள் மக்கு.

மையத்திலிருந்து டாக்டர் வருகிறார் என்று பள்ளியில் சொல்லியனுப்பினார்கள். டாக்டர் என்றால் தோட்டத்தில் ஒரே அர்த்தம்தான். சனம் கிளினிக் அட்டையோடு திரண்டுவிட்டது. செல்லன் செம்பனை முள் குத்தி ஆறாத கால் கட்டைவிரலைத் தூக்கிப் பேராசிரியரிடம் காட்டினான். அவர் குனிந்து பார்த்து, "தழுவல் வலி. உடம்பில் இறங்கியிருக்கிறது" என்றார்.

"முள்ளு குத்துனது, டாக்டரு."

"எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் பேராசிரியர், கனிவாக.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மீஹூன் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, வரிசையில் உட்காரவைத்துப் பட அட்டை காட்டினார்கள். காட்டியது உஷாராணி என்ற ஆராய்ச்சி உதவியாளர். வருடத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் பெண், அதனால் எதையும் எதிர்த்துக் கேட்கமாட்டாள். ஷாமளாவுக்கு லோரி படம் வந்தது.

"இது தமிழ்ல என்ன?"

"லோரி."

"மலாய்ல?"

"லோரி."

"இங்கிலீஷ்ல?"

ஷாமளா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "லோரி" என்றாள். மூன்று மொழிக்கும் சேர்த்து ஒரே சொல்தான் இருக்கிறது, கடுமையான சொல் வறுமை என்று குறிக்கப்பட்டது. அடுத்தது பனிமனிதன் படம். "மாவுப் பிள்ளையாரு. மூக்குக்கு மட்டும் கேரட்டு வச்சிருக்காங்க" என்றாள். அதற்குப் பண்பாட்டுத் தழுவல் பூச்சியம்.

இதிலெல்லாம் கூடத் தப்பித்திருக்கலாம். ஆனால் மதிப்பெண்ணில் பெரும்பங்கு பெற்றோர் வாக்குமூலத்துக்கு என்று பேராசிரியர் விதி செய்திருந்தார். டை கட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்துகொண்டு, அவரே புஷ்பாவைக் கேட்டார்.

"தங்கள் மகள் இல்லத்தில் உரையாடுவாளா?"

முன்பின் தெரியாத ஆள். கையில் பேனா. பின்னால் வரிசையில் அன்னம்மா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். புஷ்பா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஐயோ, அது எங்க சார் பேசுது? வாயே தொறக்காது. ஒண்ணும் தெரியாது, சார். மண்ணு மாதிரி உக்காந்திருக்கும்."

இதற்கு என்ன பொருள் என்று நம் வீடுகளில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். என் மகள் கெட்டிக்காரி, நீ கண் வைக்காதே என்று பொருள். அடுத்து வந்த அன்னம்மாவும் அதையேதான் சொன்னாள். அவளுக்கு அடுத்தவளும் சொன்னாள். ஒரு தாய், தன் மகன் பேசுவதில்லை என்பதோடு நிற்காமல், காதும் சரியாகக் கேட்காது என்று சேர்த்துச் சொன்னாள், அவன் வகுப்பில் முதல் மாணவன். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மௌனத்தை அவர் ஒரே தோட்டத்தில் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தத் தோட்டத்திலேயே தேறியது தாயம்மாவின் மகன் ஒருவன்தான். தாயம்மா காய்ச்சலில் படுத்துவிட்டதால் வரவில்லை.

பிறகு சனிக்கிழமை தோறும் வேன் வந்தது. பிள்ளைகளைப் புஞ்சாக் ஆலாமுக்கு ஏற்றிப்போய் அட்டை காட்டிவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த மௌனப் பிள்ளைகள் வழியெல்லாம் போட்ட சத்தத்தில் வேன் டிரைவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டினார்.

பெற்றோருக்கும் வகுப்பு நடந்தது. "ஓர் அறை, ஒரு மொழி!" என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார். "சமையலறையில் தமிழ். கூடத்தில் மலாய். குளியலறையில் ஆங்கிலம். படுக்கையறையில் உங்கள் விருப்பம். அங்கே இன்னும் ஆராய்ச்சி நடக்கவில்லை."

"லயத்துல கூடமும் அடுப்படியும் ஒண்ணாத்தான சார் கெடக்கு?" என்று செல்லன் கேட்டான்.

"சுவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்" என்றார் பேராசிரியர்.

செல்லன் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டான். கோட்டுக்கு இந்தப் பக்கம் மலாய், அந்தப் பக்கம் தமிழ். களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவன் கூடத்தில் நின்று மலாயில் சோறு கேட்கவேண்டும், புஷ்பா தமிழில் போடுவாள். மலாயில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை சரியாக வரவில்லை. அதனால் சண்டை வந்தால் இரண்டு பேரும் கோட்டைத் தாண்டி அடுப்புப் பக்கம் போய் நின்று போட்டுக்கொண்டார்கள். குளிக்கப் போனால் செல்லன் "டவல்! பிளீஸ்! டவல்!" என்று கத்துவான். "ஒங்க வீட்ல என்னாடி, வெள்ளக்காரத் தொரையா குளிக்கிறாரு?" என்று அன்னம்மா சுவருக்கு அந்தப்புறமிருந்து கேட்டாள்.

மற்றவர்கள் மெதுவாகக் கழன்றுகொண்டார்கள். சில குடும்பங்கள் தொழிற்சாலை வேலைக்கென்று செரண்டாவுக்குக் குடிபெயர்ந்தன. மிச்சப் பேர் வேன் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினார்கள். புஷ்பா மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தாள். "வேன் காலியா திரும்புனா அந்தப் பொண்ணு உஷாராணிக்குல திட்டு விழும்" என்பாள். இரக்கப்பட்டால் நமக்கு என்ன கிடைக்கும் என்பதை இனிமேல் பாருங்கள்.

ஷாமளா ஆறாம் ஆண்டு முடித்தாள். தோழிகள் எல்லாம் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவ வகுப்புக்குப் போக நீலப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு நாள் உஷாராணி பாய் கடைக்கு வந்தாள். தேத்தண்ணீர் வைத்ததைத் தொடவில்லை.

"ஆன்ட்டி, சாரி லா. ஷாமளாவ தழுவல் வகுப்புக்கு செலக்ட் பண்ணிட்டாங்க. ஒரு வருஷம் செண்டர்லயே தங்கணும்."

"அப்ப முதலாம் படிவம்?"

"நெக்ஸ்ட் இயர் போலாம், ஆன்ட்டி. பாதியில நின்னவங்க பேரெல்லாம் சிஸ்டத்துல அழிஞ்சிருச்சு, அவ பேருக்கு நேரா மட்டும் இன்னும் 'மௌனம்'னு இருக்கு. புரொஃபசர் சைன் வச்சு அத எடுத்தாத்தான் ஸ்கூல்ல சேத்துப்பாங்க."

"ரெண்டு வருஷமா இவ பேசறத நீயே கேட்டுக்கிட்டுத்தானம்மா இருக்க?"

உஷாராணி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் கேட்டா அது டேட்டா இல்ல, ஆன்ட்டி."

மூலை மேசையில் ஷாமளா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் ஆர்டர் எடுக்கவில்லை, சண்டை போடவில்லை, வங்காளதேசத்து ஆள் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போயும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உண்மையான மௌனம் எப்படி இருக்கும் என்று புஷ்பா அன்றுதான் பார்த்தாள். என் வாய்தானே இப்படிச் செய்தது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மகளை இழுத்துக்கொண்டு புஞ்சாக் ஆலாமுக்குப் போனாள். பேராசிரியர் முன்னால் நின்று, வெட்கத்தையும் பயத்தையும் விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"சார், எம்மவ நல்லாப் பேசும். அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. கண்ணு பட்டுறக் கூடாதுன்னு சொல்லிட்டேன், சார்."

பேராசிரியர் புன்னகைத்தார். "உஷா, எழுதிக்கொள். பெற்றோர் மறுப்பு நிலை."

"மறுப்பு இல்ல சார், நெசம்."

"மறுப்பையே மறுத்தல். இரண்டாம் கட்டம்."

ஷாமளாவுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், நான் ஃபோம் ஒன் போகணும். எனக்கு எந்த வியாதியும் இல்ல" என்று தமிழில் சொன்னாள். பிறகு மலாயில் சொன்னாள். பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள். பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பாவம், முற்றிவிட்டது. மௌனம் முற்றினால் இப்படித்தான் பேச்சாக வெளியே வரும்."

புஷ்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பேராசிரியரும் மனம் இளகி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"புவான் புஷ்பா, மனம் விட்டுச் சொல்கிறேன். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளோடு தொடங்கினேன். எல்லாரும் என்னைக் கைவிட்டுவிட்டார்கள். செரண்டாவுக்குப் போனதுகள் அங்கே யாரிடமும் அனுமதி வாங்காமல் பேசிக்கொண்டு திரிகின்றன. உங்கள் மகள் ஒருத்திதான் எனக்கு மிச்சம். அவளும் குணமாகிவிட்டால் இந்த மையம் எதற்கு? உஷாவின் சம்பளம் என்னாவது? ஃபின்லாந்து மாநாட்டுக்கு நான் எதைக் கொண்டுபோவேன்? உங்களுக்கு ஒரு பிள்ளையின் ஒரு வருடம் தெரிகிறது. ஓர் ஆராய்ச்சியாளனின் இருபது வருடம் தெரியவில்லையே, அம்மா!"

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. தன் நியாயத்தில் அவருக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

பிறகு ஒரு வழி சொன்னார். கோலசிலாங்கூரில் அனைத்துலக மாநாடு நடக்கிறது. அமைச்சிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். மேடையில் ஒரு தாய் பேசினால் நன்றாக இருக்கும். 'கொஞ்சம் தேறியிருக்கிறாள், இன்னும் தேறவேண்டும்' என்று மட்டும் சொல்லவேண்டும். அதிகமாகத் தேறினாலும் ஆபத்து, தேறாவிட்டாலும் ஆபத்து. சரியாகச் சொன்னால் கையெழுத்தைப் பற்றிப் பரிசீலிக்கலாம்.

அந்த இரண்டு வரியை உஷாராணி புஷ்பாவுக்கு மாநாட்டுக்குப் போகும் வேனில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். ஷாமளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோலசிலாங்கூர் ஆற்றங்கரை மண்டபத்தில் மாநாடு. மின்மினிப் பூச்சி பார்க்கவும் நண்டு சாப்பிடவும் வந்திருந்த வெளிநாட்டு அறிஞர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் ஷாமளாவை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, திரையில் அவளுடைய மௌனத்தை வண்ண வண்ணக் கோடுகளில் காட்டினார். கோடு மேலே போயிற்று, கீழே வந்தது. இவள் இன்னும் ஒரு வருடம் மையத்தில் தங்கவேண்டும், மையத்துக்கு இன்னும் ஐந்து வருடத்துக்கு நிதி வேண்டும் என்று முடிந்தது.

டத்தோவுக்குப் பசி வந்துவிட்டது போலிருக்கிறது. மற்ற உரைகளைத் தள்ளிவிட்டு, நேரே புஷ்பாவைப் பார்த்து மலாயில் கேட்டார். "அம்மா, உங்கள் மகள் இப்போது எப்படி இருக்கிறாள்? என்னென்ன தெரியும்?"

ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முன்னால் டை கட்டிய ஆட்கள், எல்லார் கையிலும் பேனா. ஆயிரம் கண் ஷாமளாவின் மேல். வேனில் படித்த இரண்டு வரியும் புஷ்பாவுக்கு மறந்தே போயிற்று. வாய் தன் வழக்கப்படி தானாகத் திறந்துகொண்டது.

"தக் தாஹு அப்பா-அப்பா, டத்தோ."

ஒண்ணும் தெரியாது, டத்தோ.

"ஒன்றுமேவா?" என்றார் டத்தோ. ஐயோ, மறுபடியும் உளறிவிட்டோமே என்று புஷ்பா பதறிப்போய்ப் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. டத்தோவுக்குத் தெரியாமல், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மகள் பேசுவாள் என்று அழுதபோது அசையாத மனுசன் இதற்கு ஏன் இப்படித் தவிக்கிறார்? சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவளுக்கு யாருக்கு எங்கே பசிக்கிறது என்று பார்க்கத் தெரியாதா? புஷ்பாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நல்ல மலாயில் தொடர்ந்தாள்.

"வந்தப்ப எப்படியோ அப்படியேதான் டத்தோ இருக்கு. ரெண்டு வருஷமா வேன்ல போய்ட்டு வருது. எங்க வீட்ல கோடெல்லாம் போட்டோம். வாயே தொறக்கல. மண்ணு மாதிரி உக்காந்திருக்கும்."

டத்தோ பேராசிரியர் பக்கம் திரும்பினார். "இரண்டு வருடம். இவ்வளவு நிதி. ஒரு சொல்கூடவா வரவில்லை, பேராசிரியர்?"

"இல்லை டத்தோ! பேசுவாள்! மூன்று மொழியிலும் பேசுவாள்! சரளமாக!"

"பெற்ற தாய் இல்லை என்கிறாரே."

"அந்த அம்மா அடக்கத்தில் சொல்கிறார், டத்தோ! எங்கள் தாய்மார்கள் எல்லாரும் இப்படித்தான்! கண் பட்டுவிடும் என்று பிள்ளையைக் குறைத்துத்தான் சொல்வார்கள்! அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவே கூடாது!"

உஷாராணி முதல்முறையாக யாரும் சொல்லாமலே எழுதிக்கொண்டாள்.

பேராசிரியர் ஷாமளாவின் பக்கம் ஓடினார். "பேசு, ஷாமளா. டத்தோவுக்கு வணக்கம் சொல்." ஷாமளா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்குப் புரிந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு, மண் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பேசம்மா... கண்ணு..." பேராசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், இருபது வருடப் படிப்பும் பேராசிரியரை விட்டு இறங்கிவிட்டது. "அடியே, பேசித் தொலையேன்டி! அன்னைக்கு அம்புட்டுப் பேசுனியே, ஒன் வாயி எங்கடி போச்சு?"

அசல் லயத்துப் பேச்சு. அட, நம்ம ஆளா இவன் என்று புஷ்பாவே ஒரு கணம் அசந்துவிட்டாள். புதிய சிகிச்சை முறை என்று நினைத்து வெளிநாட்டு அறிஞர்கள் கை தட்டினார்கள்.

"இவ்வளவு நன்றாகப் பேசுகிற பிள்ளையை இன்னும் ஒரு வருடம் மையத்தில் ஏன் வைக்கிறீர்கள்?" என்றார் டத்தோ.

"வைக்கவில்லை டத்தோ! அவளுக்கு வகுப்பே தேவையில்லை! நாளைக்கே இடைநிலைப்பள்ளிக்குப் போகலாம்!"

"அப்படியானால் இப்போதே எழுதிக் கொடுங்கள். நானும் பார்க்கிறேன்."

உஷாராணி தாளை நீட்டினாள். எப்போதிலிருந்து அதைத் தயாராக வைத்திருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பேராசிரியர் மேடையிலேயே கையெழுத்துப் போட்டார். தாள் புஷ்பாவின் கைக்கு வந்தது. அவள் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் ஷாமளா எழுந்தாள். மலாயில் டத்தோவுக்கு நன்றி சொன்னாள், ஆங்கிலத்தில் அறிஞர்களை நலம் விசாரித்தாள், அப்புறம் அம்மாவிடம், "ம்மா, பசிக்குது, போலாமா?" என்றாள். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. பேராசிரியர்தான் எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினார்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. இருமொழி மௌனத்தை முற்றாகக் குணப்படுத்திய முதல் அறிஞர் என்று கண்ணாடிச் சட்டத்தில் ஒரு வரி ஏறிவிட்டது. இப்போது செரண்டாவில் புது ஆய்வு நடத்துகிறார். நோயின் பெயர் 'தாய்மை அடக்கக் கோளாறு'. அங்கே தாய்மார்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு வெளிப்படையாகப் பேச வருமா என்று கேட்கிறாராம். "ஐயோ, எனக்கு எங்க சார் பேச வரும்" என்று அவர்களும் சொல்கிறார்களாம். வேன் நிறைந்துவிட்டது.

பள்ளி திறந்த அன்று புஷ்பா புதுப் பாவாடையோடு மகளை இடைநிலைப்பள்ளிக்குக் கூட்டிப்போனாள். பதிவு மேசையில் ஒரு மலாய்க்கார ஆசிரியை, அவர்கள் பாஷையில் 'சிக்கு'. சிரித்த முகம். பேனாவைத் திறந்துகொண்டு, "பிள்ளை எப்படி? என்னென்ன தெரியும்?" என்று கேட்டார்.

புஷ்பாவின் கை முந்தானைக்குப் போனது. "ஐயோ" என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சுவரைப் பார்த்துச் சாப்பிடாமல் படுத்திருந்த மகளின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. முந்தானையை விட்டாள்.

"எல்லாம் தெரியும், சிக்கு" என்றாள். "மூணு பாஷை பேசும். நாலாவதும் கொஞ்சம் வரும். வாயாடி. ரொம்பக் கெட்டிக்காரி."

ஷாமளா அம்மாவை வாயைப் பிளந்து பார்த்தாள். ஒரு வார்த்தை வரவில்லை.

சொல்லிவிட்டாளே தவிர, புஷ்பாவுக்கு அன்று முழுக்கப் படபடப்பு அடங்கவில்லை. சாயங்காலம் பிள்ளை கை கால் முழுசாக வீடு வந்து சேர்ந்ததும், வாசலில் உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் ஒரு கைப்பிடிக்கு மேலாகவே அள்ளி, மூன்று சுற்று சுற்றி நெருப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடியே வராது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நெடி குபீரென்று ஏறியது. லயமே இருமியது. "எவடி இப்புடி மொளகாயப் போட்டது? மூச்சு முட்டுது!" என்று அன்னம்மா கத்தினாள். செல்லன் குளியலறையிலிருந்து இருமலுக்கு நடுவே "டவல்! டவல்!" என்று அலறினான்.

புஷ்பா கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"பாத்தியாடி," என்றாள், இருமிக்கொண்டே. "கண்ணே படல."